புருவத்தின் துடிப்பு பேச்சாகுமா?

கேள்வி: இயக்க நரம்பணு நோயால் பேச்சிழந்த என் கணவருக்கு வலப்புருவம் மட்டுமே லேசாக அசைகிறது. அதைக் கொண்டு அவர் எங்களோடு பேச முடியுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முடியும், சகோதரி. தசை சுருங்கும்போது எழும் மின்சாரம் மிக நுண்ணியது. ஆயினும் புருவத்தின் மேல் ஒட்டும் மின்முனைகள், அசைவு கண்ணுக்குத் தெரியாதபோதும் அதைப் பிடித்துப் பெருக்கி, கணினிக்கு ஒரு சொடுக்காகத் தந்துவிடும். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்து செல்கையில், வேண்டிய இடத்தில் அவர் புருவத்தை உயர்த்தினால் போதும். 247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் கடப்பது பெருங்களைப்பு. முதலில் 18 மெய்களில் ஒன்றையும், பிறகு 12 உயிர்களில் ஒன்றையும் தேர்ந்தெடுக்கச் செய்வதே நல்லது என்பேன். சேலத்து வெயிலில் வியர்வையால் மின்முனை நழுவும். ஒட்டுமுன் தோலைத் துடைத்து உலர்த்துங்கள். ஒரு சொல்லுக்கே சில நிமிடங்கள் ஆகலாம். தயவுசெய்து அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள்.