கேள்வி – பதில்: வட்டாரத் தரவும் உடல்நல ஏற்றத்தாழ்வும்

கேள்வி: நாட்டுக்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் உடல்நலம் எப்படி வேறுபடுகிறது என்று அளக்க முயல்கிறேன். இறப்பு விவரம் கிடைக்கிறது. புகைப்பழக்கம், உடல் பருமன் பற்றிய எண்கள் கிடைப்பதில்லை. ஏன்?

பதில்: இரண்டும் வரும் வழி வேறு. இறப்புக் கணக்கு பதிவேட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பதிவிலும் வசிப்பிடம் இருந்தால், வேண்டிய எல்லைக்குள் கூட்டிக்கொள்ளலாம். (இறந்த இடத்தை வைத்துக் கூட்டிவிடாதீர்கள், பெரிய மருத்துவமனை இருக்கும் நகரமெல்லாம் ஆபத்தான ஊராகத் தெரியும்.)

புகைப்பழக்கத்தை ஆளைக் கேட்டுத்தான் அறிய முடியும். மாதிரி ஆய்வின் அளவோ பெரும்பாலும் நாடு முழுமைக்கும் சேர்த்தே முடிவாகிறது. 10,000 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 40 வட்டாரங்களுக்குப் பிரித்தால் வட்டாரத்துக்கு 250 பேர். ஒரு வட்டாரத்தில் 30 சதவீதம் பேர் புகைப்பதாக வந்தால், உண்மை 24க்கும் 36க்கும் இடையே எங்கும் இருக்கலாம். பக்கத்து வட்டாரத்தில் 27 என்று வந்தால் அதை ஏற்றத்தாழ்வு என்று சொல்ல முடியாது. வீடுகளைக் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுத்த ஆய்வென்றால் இந்த இடைவெளி இன்னும் அகலும். அதனால்தான் பல நிறுவனங்கள் வட்டார எண்ணை வெளியிடுவதே இல்லை. பல ஆண்டு ஆய்வுகளைச் சேர்ப்பதும் வட்டாரங்களை இணைப்பதும்தான் எளிய வழிகள்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டாரத் தரவைப் பத்தாண்டுக்கு எடுத்தால் சில வட்டாரங்கள் நடுவில் காணாமல் போகின்றனவே?

பதில்: எண் தொலையவில்லை, எல்லை மாறிவிட்டது. ஒன்றியத்தின் 'நட்ஸ்' (NUTS) எனப்படும் வட்டாரப் பகுப்பு (முதல் நிலை பெரிய பகுதி, மூன்றாம் நிலை சிறிய பகுதி) அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2016 பதிப்பில், இரண்டாம் நிலையில் லிதுவேனியா ஒன்றிலிருந்து இரண்டாகவும் அயர்லாந்து இரண்டிலிருந்து மூன்றாகவும் பிரிந்தன. 2021 பதிப்பில் குரோவேஷியாவின் இரண்டு வட்டாரங்கள் நான்காயின. ஒரு பதிப்பை முடிவு செய்துகொண்டு, மற்ற ஆண்டுகளை மூன்றாம் நிலைச் சிறுபகுதிகளிலிருந்து அதற்கேற்பக் கூட்டுங்கள். விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. இறப்பையும் மக்கள்தொகையையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

இன்னொன்று: இரண்டாம் நிலை வட்டாரத்துக்கு வழிகாட்டு அளவு 8 லட்சம் முதல் 30 லட்சம் பேர். எஸ்டோனியா, லாட்வியா, சைப்ரஸ், மால்டா, லக்சம்பர்க் ஒவ்வொன்றும் அந்த நிலையில் ஒரே வட்டாரம். அங்கே 'உள்நாட்டு ஏற்றத்தாழ்வு சுழி' என்று வந்தால் அது சமத்துவம் அல்ல, பகுப்பின் விளைவு.

கேள்வி: எண் இல்லாத வட்டாரத்துக்கு நாட்டுச் சராசரியை இட்டு நிரப்பலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அளக்க வந்த வேறுபாட்டையே அது அழித்துவிடும். அதே வட்டாரத்தின் பழைய ஆண்டு எண் இருந்தால், ஆண்டைக் குறித்து அதைப் போடுங்கள். பிறகு அந்த வட்டாரத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை கணக்கிடுங்கள். முடிவு புரண்டால் அந்த அளவீட்டையே (புகைப்பழக்கம் போன்றது) கைவிடுவதே நேர்மை.

கேள்வி: சின்ன வட்டாரங்களில் இறப்பு விகிதம் ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஏறி இறங்குகிறது. பிழையா?

பதில்: பெரும்பாலும் தற்செயல். 100 இறப்புகளை வைத்த விகிதத்தில் தரப்பிழை (தற்செயலால் எண் வழக்கமாக விலகும் அளவு) சுமார் 10 சதவீதம். 20 இறப்புகளில் 22. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆனால் 2019–2021ஐச் சேர்த்தால் கோவிட்டும் உள்ளே வந்துவிடும். ஒப்பிடும்முன் வயதுத் தரப்படுத்தல் (எல்லா வட்டாரத்திலும் வயதுக் கலவை ஒன்றே என்று வைத்து விகிதத்தைக் கணக்கிடுவது) கட்டாயம். இல்லையேல் முதியோர் நிறைந்த வட்டாரமே எப்போதும் கடைசியில் நிற்கும்.