கார் ஸ்டீரியோவை முதன்முறையாக நாமே மாற்ற முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தாராளமாக மாற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: காரோடு வந்த ஒயரை வெட்டிவிடாதீர்கள்.

நான் வெட்டினேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில், அப்பாவின் பழைய ஆல்டோவில், ஒரு பங்குனி மாதம். புது ஸ்டீரியோவின் கப்ளர், அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக், காரின் கப்ளரோடு பொருந்தவில்லை. பழையதைக் கத்தரித்து, நிறம் பார்த்து முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். பாட்டு அருமையாகக் கேட்டது. ஆனி மாதம் குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். ஆலங்குளம் தாண்டியதும் பின்பக்க ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு நான்கு ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டன.

வண்ணார்பேட்டையில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் ஸ்டீரியோவை வெளியே இழுத்துக் காட்டினார். அக்கினி நட்சத்திர வெயிலில் நின்ற காருக்குள் டேப்பின் பசை இளகி, ஒயரெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. டேப் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒயரின் செம்பு நுனி தகரச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. “தம்பி, கறுப்புக் கோடு போட்டதெல்லாம் எர்த் இல்லை” என்றார் அண்ணாச்சி. அதுவரை எனக்கு அது தெரியாது.

எர்த் என்பது காரின் பாடியோடு சேர வேண்டிய மைனஸ். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் அது அல்ல. இன்றைய ஸ்டீரியோக்களில் ஒலியைப் பெருக்கும் ஐசி (சிப்), ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தானே ஓட்டுகிறது; இரண்டிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அதில் ஒன்று பாடியில் பட்டால் ஐசி வழியாகக் கரண்ட் பாய்ந்துவிடும். நல்ல செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். என்னுடையது எரிந்துவிட்டது.

ஆகவே கடையில் ஸ்டீரியோவை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, அதற்குரிய அடாப்டர் கப்ளரையும் சேர்த்துக் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதன் ஒரு முனை காரின் கப்ளரில் அப்படியே செருகிக்கொள்ளும். மறுமுனை ஒயர்களைப் புது ஸ்டீரியோவின் ஒயர்களோடு இணைக்க வேண்டும். இந்த வேலையைக் காருக்குள் குனிந்துகொண்டு செய்யாமல், வீட்டில் மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகப் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெறும் டேப் ஆகாது.

புது ஸ்டீரியோவின் ஒயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மஞ்சள் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றின் துணை ஒயர்களில்தான் அந்தக் கறுப்புக் கோடு இருக்கும். காரின் பக்கத்து நிறங்களோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவற்றை நம்பி இணைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு, சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. இவை இரண்டும் இடம் மாறினால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழிந்துபோகும்.

அளவையும் பார்த்து வாங்குங்கள். ஸ்டீரியோவின் முகப்பு அளவை ‘டின்’ (DIN) என்று சொல்வார்கள். ஒற்றை டின் என்பது 180க்கு 50 மில்லிமீட்டர். இரட்டை டின் என்றால் உயரம் 100. பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைக்கும் ஆர்எம்எஸ் அளவு அதில் பாதிகூட இருக்காது. உள்ளே இருக்கும் தாளில் அதைத் தேடிப் படியுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். சில பழைய செட்டுகள் பேட்டரி கழன்றால் ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் உள்ள காரில் மஞ்சள் உறை போட்ட ஒயரோ கப்ளரோ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள். டேஷ்போர்டு சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பட்டையால் ஓரம் ஓரமாக இளக்கினால் கிளிப் உடையாது. எங்கள் காரில் அந்தச் சந்துக்குள் திருச்செந்தூர் இலை விபூதி ஒன்று விழுந்து கிடந்தது. இலை சருகாகியிருந்தாலும் விபூதி அப்படியே இருந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடரைத் (முன்-பின்) திருப்பி நான்கு ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடித்தொனி மெலிந்து கேட்டால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. அந்த ஸ்பீக்கரின் இரு ஒயர்களையும் ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டொக்’ என்ற சத்தத்தோடு கூம்பு வெளிப்பக்கம் தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் பிளஸ் ஒயர்.

திரை வைத்த செட் என்றால் ஒரு ஒயர் ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். ஓட்டும்போது படம் ஓடாமல் தடுப்பதற்கு அது. பலர் அதை எர்த்தில் சேர்த்து ஏமாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏசியையும் மற்றதையும் ஒரே திரையில் கட்டுப்படுத்தும் புதிய கார்களை, அந்த வேலை தெரிந்தவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை அடாப்டர் போட்டு மாற்றியபோது எஃப்எம் மட்டும் இரைந்தது. கூரையில் குட்டை ஆன்டெனா உள்ள கார்களில், அதன் பூஸ்டருக்கு நீல ஒயர் கரண்ட் கொடுக்காவிட்டால் இப்படி ஆகும். எங்கள் காரில் காரணம் அதைவிட எளியது: ஆன்டெனா பிளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது, இரைச்சலும் நின்றது.