ரோபோ "எனக்கும் வலிக்கிறது" என்று சொன்னால் வாசகர் நம்புவாரா?

கேள்வி: தனியாக இருக்கும் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ரோபோவை வைத்துக் கதை எழுதுகிறேன். அதற்கு மெல்ல உணர்வு வருகிறது, "எனக்கும் வலிக்கிறது" என்கிறது, கடைசியில் எதிர்த்து நிற்கிறது. படித்துப் பார்த்தவர்கள் பழைய கதை என்கிறார்கள். எங்கே மாற்றலாம்?

கிளர்ச்சியை அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். என் கண்ணை உறுத்துவது அந்த "வலிக்கிறது" வசனம்தான். ஒரு காலத்தில் அதைப் படித்து வாசகருக்குச் சிலிர்த்திருக்கும். இப்போது கைபேசியில் இருக்கும் அரட்டை நிரலைக் கொஞ்சம் பேச்சுக் கொடுத்து இழுத்தால் அதுவும் இப்படி ஏதாவது சொல்லிவிடும். 2022இல் பிளேக் லெமோயின் என்ற கூகுள் பொறியாளர், லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு இருக்கிறது என்று வெளியே சொல்லி, வேலையை இழந்தது நினைவிருக்கலாம். அவர் வெளியிட்ட உரையாடலில் அந்த நிரல், தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அது தனக்குச் சாவு மாதிரி என்றது. துறை சார்ந்தவர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. மனிதர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் படித்துப் பழகிய நிரல் அது, அந்தக் குவியலில் அணைக்கப்படுவதற்கு அஞ்சும் ரோபோக்கள் ஏராளமாக இருக்கின்றன, பாதியை நம்மைப் போல் கதை எழுதுகிறவர்களே போட்டு வைத்திருக்கிறோம். அதற்காக அதனுள்ளே எதுவும் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகவும் அர்த்தமில்லை. வசனத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் எப்படிக் காட்டுவது? எனக்கு இதில் ரோபோ கதைகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது நண்டு. பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் துறவி நண்டுகளை வைத்துச் சோதனை செய்தார் (காலிச் சங்குக்குள் குடியிருக்குமே, அந்த நண்டு). சங்குக்குள் லேசாக மின் அதிர்ச்சி கொடுத்தால் சில நண்டுகள் வெளியே ஓடிவிடும். அது வெறும் அனிச்சைச் செயல் என்றால், எந்தச் சங்கில் இருந்தாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஆனால் தனக்குப் பிடித்த வகைச் சங்கில் இருந்த நண்டுகள் அவ்வளவு சுலபமாக வெளியே வரவில்லை, பிடிக்காத சங்கில் இருந்தவைதான் அதிகம் வெளியேறின. வீடு முக்கியமா வலி முக்கியமா என்று எதையோ எடைபோடுகிற மாதிரி தெரிகிறது, இல்லையா? இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், ஆக்டோபஸ் வகைகளையும் உணர்வுள்ளவை என்று சேர்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாத ஜீவன்கள். உங்கள் ரோபோவும் பேசாமல், எதையாவது இழந்து எதையாவது தேர்ந்தெடுக்கட்டும். அதன் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது, சார்ஜ் ஏற்றப் போக வேண்டும், ஆனால் பெரியவர் தூக்கத்தில் அதன் கையைப் பிடித்திருக்கிறார். என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள், ஏன் என்று எழுத வேண்டாம்.

(சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் வரும் ரோபோ ஜீனோவை இங்கே யாராவது இழுப்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: ஜீனோ நாய்க்குட்டி உருவத்தில் வந்ததால் நாம் அதை நேசிக்கும் வேலை பாதி அங்கேயே முடிந்துவிட்டது. உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

அறம் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். பெரும்பாலான வரைவுகளில் ரோபோவுக்கு உணர்வு உண்டா இல்லையா என்று இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து விவாதிப்பார்கள். படு போர். காரெல் சாபெக் 1920இலேயே இதைவிட நன்றாகச் செய்துவிட்டார். அவருடைய ஆர்.யூ.ஆர். நாடகத்தில் ரோபோ செய்யும் ஆலைக்கு ஹெலினா என்ற பெண் வருகிறாள். ரோபோக்களுக்கு வலியை உண்டாக்கப் போகிறோம் என்கிறார்கள் ஆலைக்காரர்கள். ஏன்? வலி தெரியாததால் இயந்திரத்தில் கையை விட்டு விரலை உடைத்துக்கொள்கின்றனவாம், சேதாரத்தைக் குறைக்க வேண்டுமாம். சரி, ஆன்மாவையும் கொடுக்கலாமே என்று கேட்டால், உற்பத்திச் செலவு கூடும் என்று பதில் வருகிறது. எப்போதாவது ஒரு ரோபோ கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஹெலினாவுக்கு அது ஆன்மாவாகத் தெரிகிறது. அவர்களுக்கு அது பழுது, உடனே அரைத்துத் தள்ள அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் கொடுங்கோலர் இல்லை, எல்லோரும் நல்ல மாதிரியாகப் பேசும் நிர்வாகிகள், அதனால்தான் அந்தக் காட்சி நூறு வருடம் கழித்தும் வயிற்றைக் கலக்குகிறது.

அசிமோவ் 1976இல் எழுதிய 'பைசென்டெனியல் மேன்' கதையிலும் இதே கணக்குதான், ஆனால் படைப்பாற்றல் வழியாக. ஆண்ட்ரூ என்ற வீட்டு ரோபோ மரத்தில் அழகாகச் செதுக்குகிறது. எஜமானர் அசந்துபோய், விற்ற பணத்தில் பாதியை அதன் பெயரிலேயே வங்கியில் போடுகிறார். தயாரித்த நிறுவனமோ அதைத் தற்செயலாக நேர்ந்த பிசகாகப் பார்க்கிறது, அடுத்தடுத்து வரும் ரோபோக்களில் அப்படி எதுவும் முளைக்காதபடி வடிவமைப்பை இறுக்கிவிடுகிறது. அசிமோவ் தன் ரோபோக்களுக்கு வைத்த மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், அதற்குப் பிறகு உன்னைக் காத்துக்கொள்) எல்லோரும் பாதுகாப்பு ஏற்பாடு என்றே படிக்கிறோம். அதே கதையில் தெருவில் போகிற இரண்டு பேர் ஆண்ட்ரூவை மடக்கி, அதைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று விளையாட்டாகப் பேசும்போது, கட்டளைக்குக் கீழ்ப்படிவது தன்னைக் காத்துக்கொள்வதற்கு மேலே இருப்பதால் அது அசையாமல் கிடக்கிறது. ரோபோவின் பக்கமிருந்து அந்த விதிகள் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு பக்கத்தில் புரிந்துவிடும்.

விவாதம் கண்டிப்பாக வேண்டும் என்றால் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் ஒரு கதையில் செய்ததைப் பாருங்கள். ஒரு கொடுங்கோல் அரசன் ஆள்வதற்கென்று ஒரு பெட்டிக்குள் குட்டி ராஜ்யத்தையே செய்து கொடுக்கிறான் ஒருவன். உள்ளே துடிப்பது நிஜமா நடிப்பா என்று நண்பன் அவனைக் கிழிகிழி என்று கிழிக்கிறான். செய்தவன், கேட்பவன் இரண்டு பேருமே ரோபோக்கள்!

உங்கள் கதையில் ரோபோவுக்கு வலி எப்படி வந்தது என்று சொல்லவே இல்லை. தானாக முளைத்தது என்று விட்டால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும். யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக வைத்ததாக இருக்கட்டும். பெரியவரைத் தூக்கும்போது எங்கே அழுத்தக் கூடாது என்று தெரிவதற்காகவே அதற்கும் வலியைக் கொடுத்திருக்கலாம். மகன் வெளியூரிலிருந்து மாத வாடகை கட்டுகிறான், அவனுக்கு இது தெரியும், கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் வலி இல்லாத மாடல் கிடைக்கும் என்பதும் தெரியும். கிளர்ச்சியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் சர்வீஸ் ஆள் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பெரியவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தட்டும்.