கமரா தெரிந்தவருக்கு ஜேர்மனியில் பள்ளிக்கூடம் எதற்கு?

தங்கச்சி, கொக்குவிலில் ஒரு ஸ்ரூடியோவில் ஐந்து வருடம் கலியாணவீடு, சாமத்தியவீடு, பாஸ்போட் படம் என்று எல்லாம் எடுத்துவிட்டு, கலியாணம் கட்டி இப்போது டோர்ட்முண்டுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கே ஒரு தனியார் அக்கடமியில் மாதாமாதம் காசு கட்டி முறையாகப் படிக்கவா, அல்லது கமராவைத் தூக்கிக்கொண்டு நேரே தொழிலில் இறங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கடமிக்குக் காசு கட்டாதீர்கள். அதற்காக, படிப்பே வேண்டாம் என்று அண்ணை சொன்னார் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடவும் வேண்டாம். இந்த நாட்டில் காசு வாங்குகிற படிப்பும் உண்டு, காசு தருகிற படிப்பும் உண்டு.

முதலில் சட்டம். ஜேர்மனியில் படம் பிடிப்பது ஒரு கைவினைத் தொழில். தச்சுவேலை, முடிவெட்டு எல்லாம் வருகிற அதே சட்டத்தின் கீழ்தான் இதுவும் வருகிறது. முன்பு மைஸ்டர் என்கிற தொழில் ஆசான் பட்டம் இல்லாமல் யாரும் ஸ்ரூடியோ திறக்க முடியாது. 2004ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நகரசபையில் கெவெர்ப என்கிற தொழில் பதிவைச் செய்து, ஹன்ட்வெர்க்ஸ்கம்மர் என்கிற கைவினைத்தொழில் சபையிலும் பெயரைக் கொடுத்துவிட்டால் தொடங்கலாம். கணவரோடு சேர வந்த விசாவில் சுயதொழில் செய்யவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. போன வருட வருமானம் 25,000 யூரோவுக்குள் என்றால் விற்பனை வரியைப் பில்லில் போடாமல் சிறுதொழிலாகவே நடத்தலாம். ஆகவே சான்றிதழ் இல்லை என்று சொல்லி ஒருவரும் உங்களைத் தடுக்கமுடியாது.

நம்மட ஆட்களின் கொண்டாட்டங்கள் மட்டும் போதும் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். டோர்ட்முண்ட், எசன், ஹம் பக்கம் ஹோல் காலியாக இருக்கிற சனிக்கிழமை குறைவு. அங்கே யாரும் எங்கே படித்தாய் என்று கேட்கமாட்டார்கள். அல்பத்தைப் புரட்டுவார்கள், விலையைக் கேட்பார்கள், அப்புறம் "ட்ரோன் இருக்கோ?" என்பார்கள். இதில் நீங்கள் பெண் என்பது பெரிய பலம். சாமத்தியவீட்டில் பிள்ளைக்குச் சேலை உடுத்தி, சடைநாகம் வைத்துத் தைக்கிற இரண்டு மணித்தியாலமும் நாங்கள் ஆண்கள் கதவுக்கு வெளியே லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்போம். உள்ளே நல்ல படங்கள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். உங்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் அதில் மட்டும் வயிறு வளர்க்க முடியுமா என்பது வேறு விஷயம். வேலை முழுக்க வாரக்கடைசியில். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. ஜேர்மன்காரருக்கு வெளியில் படம் எடுக்க அருமையான வெயில் காலமே எங்கள் ஆடியில்தான் வருகிறது. விலையோ ஒவ்வொரு வருடமும் கீழே போகிறது, யாரோ ஒருவரின் மச்சான் புதுக் கமரா வாங்கியிருப்பார், அரைவிலைக்கு வருவார். கையில் காசாக வாங்கிக்கொண்டு பில் எழுதாமல் விடுகிற பழக்கமும் இந்த வட்டத்தில் இருக்கிறது. அதற்குள் போகாதீர்கள். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானத்தைக் கடதாசியில் காட்டச் சொல்லுவார்கள். அல்பத்தைக் காட்டி விசா எடுக்க முடியாது.

ஜேர்மன் வாடிக்கையாளர், கொம்பனி வேலை, விளம்பரம், கட்டடப் படம் என்று போக நினைத்தால்தான் படிப்பின் பெறுமதி தெரியும். இதற்கு இங்கே இருக்கிற வழி அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. மூன்று வருடம், ஒரு ஸ்ரூடியோவில் வேலை, இடையிடையே தொழிற்பள்ளி, முடிவில் கெசெல்ல என்கிற தேர்ந்த தொழிலாளர் பரீட்சை. உருவப்படம், பொருள், தொழிற்சாலையும் கட்டடமும், அறிவியல் என்று நான்கில் ஒன்றைச் சிறப்பாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் காசு கட்டவேண்டியதில்லை, கடைக்காரர்தான் உங்களுக்குத் தரவேண்டும். 2025ல் தொடங்கியவர்களுக்குச் சட்டப்படி ஆகக்குறைந்தது முதல் வருடம் மாதம் 682 யூரோ, இரண்டாம் வருடம் 805, மூன்றாம் வருடம் 921. தனி ஆளுக்கு இது போதாது என்பது உண்மை. கணவர் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். வயதெல்லை கிடையாது. பிள்ளை பிறந்தாலும் கடையோடு பேசி பகுதிநேரமாக மாற்றலாம். டொச், அதாவது ஜேர்மன் மொழி மட்டும் பி1 என்கிற நடுத்தர நிலைக்குக் கீழே இருந்தால் கடைக்காரர் யோசிப்பார். தொழிற்பள்ளியில் உங்களுக்கும் கஷ்டம்.

நான் அந்த வழியால் வந்தவன், போஹும் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில். முதல் வருடம் முழுக்கப் பாஸ்போட் படம், வேலை விண்ணப்பப் படம், பாலர் பள்ளிப் படம். இதையெல்லாம் ஊரிலேயே எடுத்தோமே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தில், நாடியிலிருந்து உச்சிவரை முகம் 32க்கும் 36க்கும் இடையில் நிற்கவேண்டும், கண்ணாடியில் லைற் தெறிக்கக்கூடாது, முகத்தில் நிழல் விழக்கூடாது. வெள்ளைத் தோலுக்குப் பழகிய லைற் செற்றப்பில் எங்கட ஆள் ஒருவர் வந்து இருந்தால், வெளிர்ப் பின்னணியைப் பார்த்துக் கமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். என் மைஸ்டர் கமராவை நம்பவே மாட்டார். கையில் பிடிக்கிற லைற் மீற்றரை வந்தவரின் கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பார், மடியில் ஒரு வெள்ளை அட்டையை வைப்பார், கண்ணுக்குக் கீழே இருந்த நிழல் எழும்பிப் போய்விடும். பிறகு ஹோலில் சிவப்பு வெல்வெட் மணவறைக்கு முன்னால், ஒரு பக்கம் எல்ஈடி, மறுபக்கம் பழைய டியூப் லைற் எரிகிற இடத்தில் தங்கநகையும் தோலும் ஒரே படத்தில் சரியாக வந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆனால் அந்தப் பாஸ்போட் வேலையை நம்பி இனிக் கடை போடமுடியாது. 2025 மே 1 முதல் கடதாசிப் படத்தை அலுவலகத்தில் வாங்குவதில்லை. அங்கேயே 6 யூரோவுக்கு மெஷினில் எடுக்கலாம், அல்லது பதிவு செய்யப்பட்ட கடை எடுத்துப் பாதுகாப்பான இணைய வழியில் அனுப்பவேண்டும். சின்னக் கடைகளுக்கு இது அடிதான். அவுஸ்பில்டுங் தேடும்போது கடையின் மிச்ச வேலை என்ன என்று பார்த்துச் சேருங்கள். கொம்பனிகளுக்கும் கட்டிடக்கலைஞர்களுக்கும் எடுக்கிற கடை என்றால் மேல்.

கடையில் கிடைக்கிற இன்னொரு படிப்பு, டொச்சில் விலை சொல்லப் பழகுவது. படத்தை விற்பது வேறு, அதைப் பாவிக்கிற உரிமையை விற்பது வேறு என்பதை ஊரில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு கொம்பனி உங்கள் படத்தைத் தன் இணையத்தில் ஒரு வருடம் போடுவதற்கு ஒரு விலை, ஐரோப்பா முழுக்க விளம்பரத்தில் போடுவதற்கு வேறு விலை. அதேபோல் 1907லேயே இங்கே எழுதிய சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஒருவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. சாமத்தியவீட்டுப் படங்களை ஸ்ரூடியோ விளம்பரத்துக்கென்று முகநூலில் போடுகிறார்களே, அது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. தாய் தகப்பனிடமும் பிள்ளையிடமும் கேட்டு எழுத்தில் வாங்காமல் போடவே கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பல்கலைக்கழகப் படிப்பு தனி உலகம். உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் டோர்ட்முண்ட் உயர்கல்லூரியில் போட்டோகிராபி பட்டப்படிப்பு இருக்கிறது, எசனில் போல்க்வாங் கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, அரையாண்டுக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும். ஆனால் நல்ல டொச் வேண்டும், மாப்ப என்கிற படத் தொகுப்பை அனுப்பித் தேர்வில் எடுபடவேண்டும். அந்தத் தொகுப்பில் கலியாண அல்பத்தை வைக்காதீர்கள். நீங்களாக ஒரு விஷயத்தைப் பிடித்து மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்ததைத்தான் பார்ப்பார்கள். பள்ளி ஒரு கலைஞரை உருவாக்குமா என்று கேட்பவர்களுக்கு இங்கே பக்கத்து டுசெல்டோர்ஃப்தான் பதில். அங்கே கலைக் கல்லூரியில் 1976 முதல் பேர்ண்ட் பெஹர் என்கிற படப்பிடிப்பாளர் படிப்பித்த வகுப்பிலிருந்துதான் கேண்டிடா ஹோஃபர், தோமஸ் ஸ்ட்ரூத், தோமஸ் ரூஃப், அன்ட்ரேயாஸ் குர்ஸ்கி என்று பெயர்பெற்ற படப்பிடிப்பாளர்கள் எல்லாரும் வந்தார்கள். குர்ஸ்கி எடுத்த ரைன் நதிப் படம் ஒன்று 2011ல் 43 லட்சம் டொலருக்குமேல் ஏலம் போனது. அவர் தகப்பனும் விளம்பரப் படப்பிடிப்பாளர்தான், வீட்டிலேயே தொழில் இருந்தது. அப்படியும் முதலில் எசனுக்கும் பிறகு டுசெல்டோர்ஃபுக்கும் படிக்கப் போனார். ஆனால் இது வருமானத்துக்கான படிப்பு என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

தனியார் அக்கடமிகள் எல்லாம் மோசம் என்றில்லை. பெர்லினில் ஒஸ்ட்க்ரொய்ட்ஸ் போல ஆவணப் புகைப்படத்துக்குப் பெயர்பெற்ற பள்ளிகளும் இருக்கின்றன. நீங்கள் விசாரித்த இடத்தில் ஒன்றைக் கேளுங்கள்: முடிவில் கையில் தருவது கைவினைத்தொழில் சபையின் சான்றிதழா, தங்கள் சொந்தக் கடதாசியா? சொந்தக் கடதாசி என்றால், கமராவைப் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு அது தேவையில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற வழி வேறு, பலருக்குத் தெரியாது. அவுஸ்பில்டுங் செய்யாமலே கெசெல்ல பரீட்சை எழுத முடியும், எக்ஸ்டேர்னன் பரீட்சை என்பார்கள். பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை வருடம் அதே தொழிலைச் செய்ததைக் காட்டவேண்டும். வெளிநாட்டில் செய்த வேலையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கொக்குவில் ஐந்து வருடம் இங்கே பிரயோசனப்படும். டோர்ட்முண்ட் ஹன்ட்வெர்க்ஸ்கம்மரில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய் நேரில் பேசுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொச் வகுப்பை மட்டும் நிறுத்தவேண்டாம். செய்முறையை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள், எழுத்துப் பரீட்சைதான் பாடு.

அதற்கு முதல் உங்கள் பழைய முதலாளிக்கு இன்றைக்கே போன் எடுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, முழுநேரமாக, என்னென்ன வேலை என்று ஸ்ரூடியோ முத்திரையோடு கடிதம் வேண்டும். சம்பளச் சீட்டு, ஈபிஎப் கட்டிய விபரம் ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள். இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து டொச்சில் எடுக்கலாம். அவர் கடையைப் பூட்டிப்போட்டுக் கனடாவுக்குப் போக முன்னர் வாங்கிவிடுங்கள்.