கோட்டு மாட்டும் கொக்கிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், டைன்ஹாம் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். மேசை, கரும்பலகை, நோட்டு எல்லாம் இருக்கின்றன. வெளியே வீடுகளுக்குக் கூரையே இல்லை. ஊருக்கு என்ன ஆயிற்று? (வாசகி, மதுரை)

பதில்: ராணுவம் எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவே இல்லை. இங்கிலாந்தின் தெற்கே டார்செட் கடற்கரையை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர் அது. கொஞ்சம் நடந்தால் வோர்பாரோ விரிகுடா, அங்கே சில மீனவர் குடும்பங்கள், மற்றவர்களுக்குப் பண்ணை வேலை. 1943 நவம்பர் 16 தேதியிட்ட கடிதம் வந்தது, டிசம்பர் 19-க்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று. பிரான்சில் படையை இறக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம், பக்கத்து லல்வொர்த்தில் டாங்கிகள் சுட்டுப் பழக இன்னும் இடம் தேவைப்பட்டது. ஏறக்குறைய 225 பேர், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அநேகமாக எல்லோரும் ஜமீன் போன்ற ஒரு குடும்பத்தின் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் என்பதால், தோட்டத்தில் நின்ற காய்கறிக்கு மட்டும்தான் நஷ்ட ஈடு கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

போகும்போது தேவாலயக் கதவில் ஒரு காகிதம் குத்திவிட்டுப் போனார்கள். இந்த வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைப் போரில் ஜெயிப்பதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். 1948-ல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் அது சுடும் பயிற்சி நடக்கும் இடம்தான். பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் உள்ளே விடுவார்கள். உங்கள் மகள் மறுபடி போனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பாதிப் பாடத்தில் எழுந்து ஓடியது போல் படத்தில் தெரியும், நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் பிள்ளைகள் குறைந்துபோய் 1932-லேயே அதை மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கோர்ஃப் காசில் ஊருக்குப் போய்ப் படித்தார்கள். பழைய வகுப்பறை எப்படி இருந்திருக்குமோ அப்படிப் பின்னால் திருப்பி அமைத்ததுதான் இப்போது இருப்பது. ஆனாலும் சுவரில் ஒரு வரிசை கொக்கிகள் இருக்கின்றன பாருங்கள், கோட்டு மாட்ட. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர். மேசையில் இயற்கைப் பாட நோட்டுகள், கையெழுத்து குண்டு குண்டாக. டாங்கி வந்த கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், அந்தப் பெயர்களைப் படித்தால்தான் யாருடைய ஊர் அது என்று உறைக்கும்.

(வில்ட்ஷயரில் இம்பர் என்ற ஊரையும் அதே குளிர்காலத்தில்தான் காலி செய்தார்கள். அங்கும் யாரும் திரும்பவில்லை.)

கேள்வி: இங்கிலாந்துப் பிள்ளைகள் கயிற்றில் ஒரு கொட்டையைக் கோத்து அடித்து விளையாடுகிறார்களே, அது என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: அதற்கு காங்கர் என்று பெயர். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் கொட்டை. ஆமணக்குக் காய் மாதிரி முள் தோல், உள்ளே புளியங்கொட்டை போல் பளபளக்கும் பழுப்பு. இலையுதிர் காலத்தில் கீழே விழுந்ததைப் பொறுக்கி, ஓட்டை போட்டு ஷூ கயிற்றில் கோத்து, ஒருவர் தொங்கவிட்டுப் பிடிக்க மற்றவர் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பார். எது உடைகிறதோ அது தோற்றது. வினிகரில் ஊறப்போட்டுக் கெட்டியாக்குவது திருட்டு ஆட்டம், ஆனால் எல்லோரும் செய்வார்கள்.

1917-ல் இதே கொட்டைகளைப் பொறுக்கித் தரும்படி அரசே பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டது. எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. குண்டுக்கான கார்டைட் மருந்து செய்ய அசிட்டோன் வேண்டும், கொட்டையின் மாவைப் புளிக்கவைத்து அதை எடுக்கலாம் என்று பார்த்தார்கள். டைன்ஹாம் இருக்கும் அதே டார்செட்டில், ஹோல்டன் ஹீத் என்ற இடத்தில் அதற்கான தொழிற்சாலைகளில் ஒன்று இருந்தது.

கேள்வி: ஒரு சாதாரண இங்கிலாந்துக் கிராமத்தின் பழைய கதையை அங்கே எப்படி இவ்வளவு விவரமாக எழுதுகிறார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: காகிதம் இருக்கிறது, அதுதான் முதல் காரணம். 1538-லிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஊர்த் தேவாலயம் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு. 1836 சட்டத்துக்குப் பிறகு வரி கணக்குக்காகப் போட்ட வரைபடங்களில், நம் ஊரில் 'ஆலமரத்து வயல்' என்பது போல, வயலுக்கு வயல் பெயர் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் ஆராய்ச்சி செய்யப்போவதாக இருந்தால் முதலில் பள்ளித் தினக்குறிப்பைத் தேடுங்கள் என்பேன். அரசு மானியம் வாங்கும் பள்ளியின் தலைமையாசிரியர் அதை எழுதியாக வேண்டும் என்று 1862-ல் விதி வந்தது. வருகை குறைந்தால் காரணம் எழுதுவார், அந்தக் காரணத்தில்தான் ஊரே இருக்கும்: உருளைக்கிழங்கு எடுக்கப் போனார்கள், விதைத்த வயலில் பறவை விரட்டப் போனார்கள், அம்மாவோடு கதிர் பொறுக்கப் போனார்கள். அறுவடை முடிந்தும் வயலில் ஒரே ஒரு கதிர்க் கட்டு மட்டும் விட்டுவைப்பார்களாம், சில ஊர்களில் அதற்குப் பெயரே 'போலீஸ்காரர்'. அது நிற்கும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. எடுத்த பிறகு பெண்களும் பிள்ளைகளும் இறங்கிச் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள், குளிர்காலத்து ரொட்டிக்கு அதுதான் மாவு.

அப்புறம், கேட்டு எழுதுவது. ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் என்பவரின் மனைவி 1948-ல் சஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் என்ற ஊருக்குத் தலைமையாசிரியையாகப் போனார். கூடப் போனவர் பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் பேச ஆரம்பித்தார், குதிரை ஏர் ஓட்டியது, ஆட்டு மந்தை மேய்த்தது, வீட்டிலேயே ரொட்டி சுட்டது என்று. பிரிட்டனில் வாய்மொழி வரலாறு என்ற துறைக்கு வழி போட்டவர்களில் அவர் ஒருவர்.

கேட்பதற்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை, 1942 டிசம்பரில் தீ விபத்தில் எரிந்துபோயின. 1941-ல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. டைன்ஹாம் பிள்ளைகள் வயதில் இருந்தவர்களைத் தேடினால் இடையில் கிடைப்பது 1939 செப்டம்பரில் எடுத்த ஒரு பதிவேடு மட்டும்தான். அதில் பெரியவர்களின் பெயருக்கு எதிரே தொழில் இருக்கும். பிள்ளைகளின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் ஒரே வார்த்தை, 'பள்ளியில்'.