அழுததற்கு எதற்கு வெட்கம்? – கடிதம்

அன்புள்ள சார்,

வேலைக்காக லண்டன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை ஒரு நாடகத்தைக்கூட காசு கொடுத்துப் பார்த்ததில்லை. சினிமாவில் பாட்டு வந்தால் டீ குடிக்க எழுந்து போகிறவன் நான். இங்கே வந்தபிறகு எப்படியோ தொற்றிக்கொண்டது. லே மிசரபிள், பேன்டம் ஆஃப் தி ஆபரா, ஹாமில்டன், தி மவுஸ்ட்ராப் நான்கும் பார்த்துவிட்டேன்.

பேன்டமில் சரவிளக்கு விழுந்ததைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. ஹாமில்டனில் பாதி வார்த்தை பிடிபடவில்லை, ஆனாலும் பிடித்திருந்தது. மவுஸ்ட்ராப்பில் தூங்கிவிட்டேன். லே மிசரபிளில் அழுதேன். இரண்டாம் பாதியில் அந்தப் பெரியவர் பையனுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டு பாடும் இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அலுவலக நண்பர் ஒருவர் நிறைய நாடகம் பார்ப்பவர். மியூசிக்கல் எனப்படும் பாட்டு நாடகம் எல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கானது, நிஜ நாடகம் வேண்டுமென்றால் நேஷனல் தியேட்டருக்குப் போ என்கிறார். நான் அழுதது மலிவான அழுகையா சார்?

இன்னொன்று. டிசம்பரில் அம்மா வருகிறார். ஆங்கிலம் தெரியாது. பழைய தமிழ்ப் படங்கள் என்றால் உயிர். எதற்கு அழைத்துப் போகலாம்?

க., லண்டன்

அன்புள்ள க.,

அந்தப் பாட்டுக்கு நானும் அழுதிருக்கிறேன். லே மிசரபிள் அப்போது பேலஸ் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது இந்தப் பாட்டு வரப்போகிறது என்று தெரியும், தெரிந்தும் அழுதேன். அது மலிவான அழுகை இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விக்டர் ஹ்யூகோவின் நாவலில் அந்த இடம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 1832 ஜூன், பாரிஸில் கலகம். மாரியஸ் என்ற இளைஞன் தெருத் தடுப்பில் சாகத் துணிந்து நிற்கிறான். அவன் தன் காதலி கோஸெட்டுக்கு எழுதிய கடிதம், நீங்கள் சொல்லும் அந்தப் பெரியவர் வால்ஜானின் கையில் கிடைக்கிறது. கோஸெட் அவர் வளர்த்த பெண், அவருக்கு இருக்கும் ஒரே உறவு. கடிதத்தைப் படித்ததும் வால்ஜானுக்குள் முதலில் எழுவது கோரமான ஒரு மகிழ்ச்சி. இவன் செத்தால் என் பெண் என்னோடுதான் இருப்பாள். பிறகு அவர் முகம் இருள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து தேசியக் காவல்படைச் சீருடையை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு அந்தத் தடுப்பை நோக்கிக் கிளம்புகிறார். இடையில் அவர் மனதில் என்ன நடந்தது என்று ஹ்யூகோ சொல்லவில்லை. பக்கம் பக்கமாக எதையும் விளக்கக்கூடிய மனிதர், இங்கே வாயைத் திறப்பதில்லை.

நீங்கள் அழுதது அந்த மௌனத்துக்குத்தான். நாவலாசிரியர் சொல்லாமல் விட்டதை மேடையில் அந்தப் பாட்டு சொல்கிறது. தன் பெண்ணைத் தன்னிடமிருந்து கொண்டுபோகப் போகிறவனுக்காக ஒரு கிழவர் வேண்டுகிறார். சாவு வேண்டுமென்றால் நான் சாகிறேன், இவனை வீட்டுக்கு அனுப்பு என்கிறார். அதுவும் உச்சஸ்தாயியில், மெல்லிய குரலில், தூங்குகிறவனை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. பாட்டு தொடங்கும்போது இருந்த வால்ஜான் பாட்டு முடியும்போது இல்லை.

மியூசிக்கலை நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். பாட்டை எடுத்துவிட்டால் கதை அப்படியே நடக்குமா? நடக்கும் என்றால் அது வெறும் அலங்காரம். நீங்கள் டீ குடிக்க எழுந்து போனதும் அப்படிப்பட்ட பாட்டுகளுக்காகத்தான் இருக்கும். நடக்காது என்றால், வசன நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியாக நின்று பேசித் தீர்க்கும் வேலையை இங்கே பாட்டு செய்கிறது.

இதற்கு நான் பார்த்ததிலேயே பெரிய உதாரணம் ரோட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரும் எழுதி 1945இல் நியூயார்க்கில் அரங்கேறிய கரூசல். குதிரை ராட்டினத்துக்கு ஆள் கூவி அழைக்கும் பில்லி என்ற முரடன். வேலை போய்விட்டது. மனைவியைக் கைநீட்டி அடித்திருக்கிறான். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தனியாக நின்று ஏழெட்டு நிமிடம் பாடுகிறான். முதலில் பிறக்கப்போகிற மகனை நினைத்து மார் தட்டுகிறான். அவன் என்னவெல்லாம் ஆவான், யாருக்கும் அடங்கமாட்டான் என்று பாடிக்கொண்டே போகிறவன் திடீரென நின்றுவிடுகிறான். பெண்ணாக இருந்தால்? அங்கே இசையே மாறுகிறது, குரல் தணிகிறது. மகன் என்றால் எப்படியும் வளர்ந்துவிடுவான். மகளுக்கு வீடு வேண்டும், உடை வேண்டும், இவனைப் போன்ற ஆட்கள் அண்டாமல் காவல் வேண்டும். பணம் வேண்டும். பாட்டு முடியும்போது எப்படியாவது பணம் கொண்டுவருவேன், இல்லையென்றால் செத்தேன் என்று நிற்கிறான். இரண்டாம் பாதியில் திருடப் போகிறான், மாட்டிக்கொள்ளும் நிலை வந்ததும் தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். அவனுடைய விதி முழுக்க அந்தப் பாட்டுக்குள் தீர்மானமாகிவிட்டது. (மனைவியை அடித்ததை அந்த நாடகம் கடைசியில் லேசாக மன்னித்துவிடுவது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

உங்கள் நண்பரிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். 1992இல் இந்த கரூசலைப் புதிதாக மேடையேற்றியது அவர் சொல்லும் அதே நேஷனல் தியேட்டர்தான். 1998இல் அதே இருவரின் இன்னொரு மியூசிக்கலான ஓக்லஹோமாவையும் அங்கே போட்டார்கள். லே மிசரபிளின் லண்டன் தயாரிப்பே ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் பேர்போன ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோடு சேர்ந்து உருவானது. 1985 அக்டோபரில் லண்டனின் பார்பிகன் அரங்கில் தொடங்கியபோது விமர்சகர்கள் பெரும்பாலும் கிழித்துப் போட்டார்கள். ஆனால் டிக்கெட் கேட்டு வந்த போன் ஓயவில்லை. அன்று போன் செய்தவர்கள் எல்லாரும் சுற்றுலா வந்தவர்களா என்ன?

கூட்டம் வந்தால் நல்ல நாடகம் என்றும் நான் சொல்லவரவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் மெர்ரிலி வீ ரோல் அலாங் என்ற மியூசிக்கல் 1981இல் நியூயார்க்கில் 16 காட்சிகளோடு நின்றுபோனது. மூன்று நண்பர்களின் கதை. கசந்துபோன நடுவயதில் தொடங்கிப் பின்னோக்கிப் போய், இளமையில் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் முடியும். அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதனாலேயே அந்த நம்பிக்கைப் பாட்டைக் கேட்பது கடினம். அதே நாடகம் 2023இல் மறுபடி நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு வந்து கொண்டாடப்பட்டது, அடுத்த வருடம் அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது. அதைப் பார்க்க சோண்ட்ஹைம் இல்லை, 2021 நவம்பரில் காலமாகிவிட்டார். நீங்கள் லே மிசரபிள் பார்த்த தியேட்டருக்கு இன்று அவர் பெயர்தான்.

பேன்டம் விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். மரியா பியோர்ன்ஸனின் அரங்க அமைப்பு அபாரம். படகு, மெழுகுவர்த்திகள், சரவிளக்கு எல்லாம் சரி. ஆனால் அதன் புகழ்பெற்ற பாட்டுகளில் பல ஒரே இடத்தில் நின்று மினுங்குகின்றன. நீங்கள் தவறவிட்டிருக்கக்கூடிய ஒன்று கடைசிக் காட்சியில் இருக்கிறது. பாடகி கிறிஸ்டீன் அந்தப் பேன்டமை முத்தமிடுகிறாள். வாழ்க்கையில் யாருமே அன்போடு தொட்டிராத ஒருவன், கை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறான். அப்புறம் அவளையும் அவள் காதலனையும் போகச் சொல்லிவிடுகிறான். இன்னொரு முறை போனால் சரவிளக்கை விட்டுவிட்டு அந்தக் கைகளைப் பாருங்கள்.

ஹாமில்டனில் வார்த்தை பிடிபடாதது உங்கள் குறை இல்லை. அந்த வேகத்துக்கு ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் திணறுவார்கள். பாடல்களை முன்கூட்டியே கேட்டுவிட்டு மறுபடி போங்கள். முக்கியமாக, கல்யாண விருந்தில் அஞ்சலிகா எழுந்து தங்கையை வாழ்த்தும் இடம். வாழ்த்து முடிந்ததும் மேடை பின்னோக்கிச் சுழல்கிறது. சற்றுமுன் தங்கையின் காதலாக நாம் பார்த்த அதே இரவு, இப்போது அக்காவின் இழப்பாகத் திரும்ப நடக்கிறது. தான் முதலில் சந்தித்த ஹாமில்டனைத் தங்கைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். வசனமாக எழுதினால் அரை மணிநேரம் ஆகும். இங்கே ஒரே பாட்டு.

மவுஸ்ட்ராப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1952இல் தொடங்கி, கொரோனா நேரத்தில் மட்டும் நின்ற நாடகம். அந்த வயதுக்காக ஒருமுறை பார்க்கலாம். தூங்கியதில் தப்பில்லை.

இனி அம்மா.

மொழி தெரியாதவர்களுக்கு எல்லாரும் சொல்வது லைசியம் தியேட்டரில் ஓடும் லயன் கிங். நல்ல யோசனைதான். அதன் தொடக்கக் குரல் ஜூலு மொழியில் எழும். அந்த நிமிடத்தில் அரங்கில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கும் அம்மாவைப் போலவே மொழி தெரியாது. விலங்கு வேடக்காரர்கள் இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதை வழியாகவே மேடைக்கு வருவார்கள். அதற்குப் போவதென்றால் கீழ்த்தளத்தில் நடைபாதை ஓரமாக டிக்கெட் எடுங்கள்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் லே மிசரபிளுக்குத்தான் அழைத்துப்போவேன். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தானந்த பாரதியார் அந்த நாவலை ஏழை படும் பாடு என்று தமிழில் தந்தார். 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் அதே பெயரில் படமாக வந்தது. நாகையா கதாநாயகன். விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் ஜாவர் சீதாராமன்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே அம்மா கதை சொல்லக்கூடும்.

முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து முழுக் கதையையும் ஒருமுறை பேசிவிடுங்கள். யார் எந்த நிற உடையில் வருவார்கள் என்பது வரை சொல்லிவிட்டால் நல்லது. நாடகத்தின்போது காதில் மொழிபெயர்க்க வேண்டாம். அந்த வேண்டுதல் பாட்டு வரும்போது மட்டும், இவர் யாருக்காக வேண்டிக்கொள்கிறார் என்று அம்மாவுக்கு நினைவிருந்தால் போதும். போய்வந்ததும் அம்மா என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள். காத்திருப்பேன்.