அப்பாவோட பழைய ராலே சைக்கிள் தோல் சீட்டை முன்னாடி தள்ளணும், கம்பியை வெட்டி வெல்டிங் வைக்கலாமா?

வெல்டிங் மட்டும் வச்சுராதீங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். ராடு பிரேக் வச்ச 28 இன்ச் வண்டி, அடியில நாலு கம்பி ஓடுற ப்ரூக்ஸ் கம்பெனி தோல் சீட்டு, உக்காந்தா ஹேண்டில்பார் எட்டல, பட்டறையில கம்பியை வெட்டி ரெண்டு இன்ச் தள்ளி ஒட்டித் தர்றேன்டு சொல்றாங்க, இதானே நீங்க கேட்டது.

அது சாதாக் கம்பி இல்ல, ஸ்பிரிங் ஸ்டீலு. கேஸ் வெல்டிங் சூடு ஏறுனா அதோட விறைப்பு போயிரும். ஒட்டுன இடம் என்னமோ கல்லு மாதிரிதான் இருக்கும், அதுக்கு ஒட்டுனாப்ல பக்கத்துல ஒரு நாள் பட்டுன்னு விட்டுரும், அதுவும் நாகமலைப் பக்கம் ஏத்தத்துல எந்திரிச்சு மிதிச்சுட்டுப் பொத்துன்னு உக்காரும்போதுதான் விடும். மேல தோல் வேற சூடு பட்டா சுருங்கிப் போகும், அதைத் திரும்ப இழுத்துக் கொண்டார முடியாது. ப்ரூக்ஸ்காரன் வெட்டாமலே முன்ன பின்ன நகத்த வழி வச்சுத்தான் குடுத்துருக்கான்.

அந்த வழி கிளிப்புல இருக்கு. சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, பில்லரை, அதான் சீட்டைத் தாங்குற குழாயை, சுத்திப் பிடிக்கிற வளையம், அதுக்கு ஒட்டி குறுக்க ஒரு நீள போல்ட்டு, போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பியைக் கவ்வுற தகடு. அந்த போல்ட்டு பில்லருக்கு நேர் மேல இல்லாம தள்ளித்தான் நிக்கும். உங்க வண்டி மாதிரி ரோட்ஸ்டர் வண்டியில பெரும்பாலும் பில்லருக்குப் பின்னாடி இருக்கும். கிளிப்பை சீட்டுலருந்து கழட்டி முன்பக்கமாத் திருப்பி மாட்டுனீங்கன்னா, பில்லர் நடுவுக்கும் போல்ட்டு நடுவுக்கும் எவ்வளவு தூரமோ அதுல ரெண்டு மடங்கு சீட்டு முன்னாடி வந்துரும், கிளிப்புலயே ஸ்கேல் வச்சு அளந்து பாத்துக்கங்க. பத்தலைன்னா மட்டும் கம்பியில கொஞ்சம் நகத்துங்க, ஆனா தோல் சீட்டுல கம்பியோட நேரான பாகம் ரொம்பக் கம்மி, வளைவு ஆரம்பிக்கிற இடத்துல தகடு ஏறிக் கவ்வுச்சுன்னா அங்கதான் ஒடியும்.

கழட்டும்போது ஒரு விஷயம். நட்டு துரு ஏறி இறுகிப் போயிருக்கும், மண்ணெண்ணெயை ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி பூரா ஊற வைங்க, தோல் மேல படாம. நாலு கம்பி கிளிப்புல தகடு, பல் வாஷர் எல்லாம் வரிசையா இருக்கும், கழட்டக் கழட்ட அதே வரிசையில ஒரு சரடுல கோத்து வச்சுருங்க. கீழ கொட்டிட்டா, எது உள்ள எது வெளியன்டு மண்டை காஞ்சிரும், கடையில சாதாரணமாக் கிடைக்கிறது ரெண்டு கம்பி கிளிப்பு, அது உங்க சீட்டுக்குச் சேராது. மாட்டையில பல்லுல அழுக்கு இல்லாம பிரஷ் போட்டுத் தேச்சுட்டு ரெண்டு பக்க நட்டையும் மாத்தி மாத்தி சமமா முறுக்கணும். ஒரு பக்கமே முறுக்குனா சீட்டு மூக்கு சரிஞ்சுக்கிட்டே இருக்கும். சீட்டு மூக்குக்கு அடியில தனியா ஒரு நட்டு இருக்குல்ல, அது தோலை இழுத்துப் பிடிக்கிறது, அதைத் தொடாதீங்க, இடத்தை மாத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல சீட்டு ஏன் இம்புட்டு பின்னாடி இருக்குன்னா பில்லர் இறங்குற சீட் டியூபே நல்லா பின்னாடி சாஞ்சுதான் இருக்கும், தரைக்கு 67, 68 டிகிரின்டு வச்சுக்கங்க, இப்ப வர்ற வண்டி 73 கிட்ட. நிமிந்து உக்காந்து பாரத்தைச் சீட்டுல போட்டு ஓட்டுற மாதிரி செஞ்சது, அதுக்குத்தான் அந்தப் பெரிய ஸ்பிரிங்கு. ரொம்ப முன்னாடி கொண்டு வந்துட்டா பாரம் கைக்குப் போயிரும், மணிக்கட்டு வலிக்கும், திரும்பையில ஹேண்டில் முனை முழங்கால்ல வந்து இடிக்கும். அதனால முதல்ல கிளிப்பை மட்டும் திருப்பிட்டு வீட்டுத் தெருவுலயே ரெண்டு பக்கமும் வளைச்சு ஓட்டிப் பாருங்க. என்னைக் கேட்டா அம்புட்டுதேன் வேலை, அதுக்கு மேல தேவைப்படாது.

சீட்டு முன்னாடி வந்தா பெடலும் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கும், பில்லரைச் சித்த தூக்கிக்கங்க, ஆனா ரெண்டரை இன்ச்சாவது டியூபுக்குள்ள நிக்கணும். அழகர்கோயில் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்து நட்டை இன்னொரு தடவை முறுக்குங்க, புதுசா மாத்துன கிளிப்பு முதல் ஓட்டத்துல கொஞ்சம் தளரும்.